தும்பாங் தங்கல்: வாடகை கொடுக்காமல் குடியிருப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகை ஏறும்போதெல்லாம் சிங்கப்பூர்த் தமிழர் பேச்சில் இந்தச் சொல்லும் ஏறிவிடும். “எங்கே இருக்கீங்க?” என்று கேட்டால், “இப்போதைக்கு அக்கா வீட்டுல தும்பாங்” என்பார்கள். காசு கைமாறவில்லை, அதனால் விதிமுறையும் கிடையாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் வம்பு தொடங்குகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, தனியார் வீடு, கம்பெனி கொடுக்கும் இடம் என்று எல்லாவற்றையும் பற்றி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

தும்பாங் என்றால் சரியாக என்ன?

மலாய்க்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட சொல். அடுத்தவர் வண்டியில் ஏறிக்கொள்வதும் தும்பாங்தான், அடுத்தவர் வீட்டில் தங்கிக்கொள்வதும் தும்பாங்தான். “உட்லண்ட்ஸ் வரைக்கும் தும்பாங் கிடைக்குமா?” என்று கேட்பவரும், “அண்ணன் வீட்டுல தும்பாங் இருக்கேன்” என்பவரும் அடிப்படையில் ஒன்றைத்தான் ஒப்புக்கொள்கிறார்கள்: வண்டியோ வீடோ என்னுடையது இல்லை, நான் கொஞ்ச தூரம், கொஞ்ச காலம் கூட வருகிறேன்.

விருந்தாளிக்கும் தும்பாங் இருப்பவருக்கும் வித்தியாசம் உண்டு. விருந்தாளிக்கு வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிடுவார். தும்பாங் இருப்பவர் கையில் ஒரு சாவி இருக்கும். குளிர்பதனப் பெட்டியில் கீழ்த்தட்டு அவருடையது என்று பேசாமலே முடிவாகியிருக்கும். காலையில் குளியலறைக்கு யார் முதலில் போவது என்ற கணக்கில் அவரும் இருப்பார். ஆனால் கூடத்தில் தொலைக்காட்சி ரிமோட்டை முதலில் எடுக்க மாட்டார்.

மாதம் தவறாமல் 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து ஓர் அறையில் இருப்பவரைத் தும்பாங் என்று சொன்னாலும் அவர் வாடகைக்கு இருப்பவர்தான். மரியாதைக்காகவோ, விதிக்குப் பயந்தோ பெயரை மாற்றிச் சொன்னால் நிலைமை மாறிவிடாது.

‘ஓசி’, ‘ஒண்டிக் குடித்தனம்’ எல்லாம் இதே பொருள்தானா?

இல்லை. ஓசியில் ஒரு குத்தல் இருக்கிறது. கொடுப்பவருக்கு மனமில்லாமல் வாங்கிக்கொள்வதுபோல் ஒலிக்கும். ‘ஓசில தங்குறான்’ என்று மூன்றாவது ஆளிடம் சொல்வார்கள், தங்குபவரின் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். சொன்னால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவார். ஒண்டிக் குடித்தனம் என்பது ஒரே வீட்டைப் பல குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டு இருப்பது. அதில் பெரும்பாலும் எல்லாரும் வாடகை கொடுப்பார்கள்.

எங்கள் தாத்தா காலத்தில் ‘குவாட்டர்ஸ்’ என்று சொல்வார்களே?

அது வேறு வகை. செம்பவாங் கடற்படைத் தளம், துறைமுகம், ரயில்வே, நகராட்சி என்று பிரிட்டிஷ் காலத்தில் வேலைக்கு எடுத்த இந்தியத் தொழிலாளர்களுக்கு முதலாளியே குடியிருப்பு கட்டிக் கொடுத்தார்கள். அறை சின்னது, குழாயடியும் கழிப்பறையும் பொது. அது உபகாரம் அல்ல, சம்பளத்தின் ஒரு பகுதி என்றுதான் பார்க்க வேண்டும். வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. பிரிட்டன் 1968 ஜனவரியில் தன் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்து, 1971-இல் தளங்களைக் காலி செய்தபோது, வேலை போன பலருக்கு அடுத்த கேள்வி கூரை எங்கே என்பதாகத்தான் இருந்தது. இன்றைக்கும் கம்பெனி கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகள் ‘என் மண்டைக்குள்ள வாடகை இல்லாம குடியிருக்கான்’ என்கிறார்களே?

இணையப் பேச்சு. ஒருவரைப் பற்றிய நினைப்பை விரட்ட முடியவில்லை என்று பொருள். இந்தப் பக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, விரட்ட முடியாத விருந்தாளி உங்கள் வீட்டிலேயே இருந்தால் தவிர. அதற்கு விடை கீழே இருக்கிறது.

வாடகை கொடுக்காமல் தங்குபவருக்குச் சட்டத்தில் என்ன உரிமை?

பொதுவாக, அனுமதி மட்டும்தான். வாடகைக்கு இருப்பவருக்கு ஒப்பந்தம் இருக்கிறது; அந்தக் காலம் முடியும்வரை அந்த அறையோ வீடோ அவருடைய அனுபவத்தில் இருக்கும், உரிமையாளர் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. குடும்பப் பாசத்துக்காகவோ நட்புக்காகவோ சும்மா தங்க வைத்தால் அதைச் சட்டம் பெரும்பாலும் ‘லைசென்ஸ்’ என்று பார்க்கும். அதாவது, வீட்டுக்காரர் விரும்பும்வரை தங்கலாம். நியாயமான அவகாசம் கொடுத்து அவர் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். “நீ காலம் முழுக்க இங்கேயே இரு, இது உனக்கும் வீடுதான்” என்று வாக்குக் கொடுத்து, அதை நம்பித் தங்குபவர் தன் கைக்காசில் சமையலறையைப் புதுப்பித்துவிட்டார் என்று வையுங்கள். பிறகு “கிளம்பு” என்றால், வாக்கை நம்பி நஷ்டப்பட்டதைக் காட்டி அவர் நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்க வழி உண்டு. வெல்வாரா என்பது ஒவ்வொரு வழக்கையும் பொறுத்தது. வழக்கறிஞர் செலவு மட்டும் யாருக்கும் தப்பாது. ஆகவே பாசம் பொங்கும் நேரத்தில் வீட்டைப் பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள், தங்குபவரும் அடுத்தவர் வீட்டுக்குக் ‘கேபினட்’ போட்டுக் கொடுக்காதீர்கள்.

12 வருஷம் தொடர்ந்து குடியிருந்தால் வீடு நமக்கே சொந்தமாகிவிடும் என்று ஊரில் சொல்கிறார்களே?

சிங்கப்பூரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அனுபவ பாத்தியதையால் நிலத்துக்கு உரிமை கோரும் வழி இங்கே 1994 மார்ச் 1-இலிருந்து அடைக்கப்பட்டுவிட்டது. இந்தியாவில் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 12 ஆண்டு என்று சொல்வது உண்மைதான். ஆனால் அங்கேயும் உரிமையாளர் அனுமதி கொடுத்துத் தங்கவைத்தால் அது கணக்கில் சேராது. உரிமையாளரை எதிர்த்து, வெளிப்படையாக, இடைவிடாமல் வைத்திருந்தால்தான் பேச்சே. சித்தப்பா வீட்டில் சோறு தின்றுகொண்டு 12 வருஷம் இருந்தால், சித்தப்பா வீட்டில் 12 வருஷம் இருந்ததாகத்தான் பொருள்.

வீவக வீட்டில் சொந்தக்காரரை இலவசமாகத் தங்கவைக்க அனுமதி வாங்க வேண்டுமா?

அறையை வாடகைக்கு விடுவதென்றால் கழகத்தின் அனுமதியை முன்னதாகவே வாங்க வேண்டும், குறைந்தது ஆறு மாதத்துக்கு விட வேண்டும், உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். சொந்தத் தம்பி வந்து உங்களோடு தங்குவது வாடகைக்கு விடுவது ஆகாது.

ஆனால் மூன்று இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

முதலாவது, தலைக்கணக்கு. ஒரே குடும்பத்தைச் சேராதவர்கள் எத்தனை பேர் இருக்கலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. வழக்கமாக ஆறு பேர். வாடகை உயர்வைச் சமாளிக்க 2024 ஜனவரி 22 முதல் நான்கறை, அதற்கும் பெரிய வீவக வீடுகளிலும், 90 சதுர மீட்டருக்குக் குறையாத தனியார் வீடுகளிலும் அதைத் தற்காலிகமாக எட்டாக உயர்த்தினார்கள். மூவறை வீட்டில் இந்தச் சலுகை இல்லை. ஊர்க்காரர் என்பதால் எல்லாரும் குடும்பம் ஆகிவிட முடியாது.

இரண்டாவது, குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம். புதிய வீட்டில் உரிமையாளர் ஐந்து ஆண்டு தானே குடியிருக்க வேண்டும். நல்ல இடங்களில் கட்டும் ‘பிளஸ்’, ‘பிரைம்’ வகை வீவக வீடுகளுக்குப் பத்து ஆண்டு. இந்தக் காலத்துக்குள் மச்சானை வீட்டில் வைத்துவிட்டுத் தான் வேறு இடத்தில் வசித்தால், “ஒரு காசு வாங்கவில்லை” என்பது பதிலாகாது. கழகம் கேட்பது நீங்கள் அங்கே இருக்கிறீர்களா என்பதைத்தான்.

மூன்றாவது, பதிவு. வீடு வாங்கும்போது விண்ணப்பத்தில் குடியிருப்பாளராகப் பெயர் சேர்த்த தங்கைக்கு வீட்டில் பங்கு இல்லை, ஆனால் கட்டுப்பாடு உண்டு. தகுதிக்காகச் சேர்க்கப்பட்டவர் அந்தக் காலம் முடியும்வரை அங்கேயே குடியிருக்க வேண்டும், அதற்குள் வேறு வீடு வாங்க முடியாது. “சும்மா பேர் போட்டுக்கோ” என்று யாராவது சொன்னால் யோசித்துச் சரி சொல்லுங்கள்.

வாடகை வேண்டாம், மின்சார பில்லில் பங்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாமா?

உண்மையான பங்காக இருந்தால் பிரச்சினை இல்லை. பில் 180 வெள்ளி வந்திருக்கிறது, வீட்டில் நான்கு பேர், 45 வெள்ளி வாங்கினால் அது செலவைப் பகிர்வது. அதே பில்லுக்கு மாதாமாதம் 500 வெள்ளி வாங்கினால் அது வாடகைதான், பெயர் மட்டும் மின்சாரம். வாடகை வருமானத்துக்கு வருமான வரி உண்டு. அறைக்கலன், பராமரிப்பு என்று தனித்தனியாகப் பிரித்து வாங்கினாலும் எல்லாம் வாடகைக் கணக்கில்தான் சேரும்.

மளிகை விஷயத்தில் என் கட்சி வேறு. பில்லைப் பிரிப்பதைவிட, தங்குபவர் வாரம் ஒருமுறை தேக்கா ஈரச்சந்தைக்குப் போய் மீனும் காய்கறியும் வாங்கி வந்து போடுவது எவ்வளவோ மேல். கணக்குப் பார்த்ததுபோலவும் இருக்காது, சும்மா தின்றதுபோலவும் இருக்காது.

வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கிறேன். கம்பெனி எனக்கு இலவசமாகத் தங்குமிடம் கொடுக்க வேண்டுமா?

தகுந்த தங்குமிடம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை. ஆனால் ‘ஏற்பாடு செய்ய வேண்டும்’ என்பதும் ‘இலவசம்’ என்பதும் ஒன்றல்ல. ஏஜண்டுகள் ஊரில் “தங்குமிடம் கம்பெனி பார்த்துக்கும்” என்று சொல்லும்போது இந்த இடத்தைத்தான் மெதுவாக விழுங்கிவிடுவார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே தாள். விமானம் ஏறும் முன் வரும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் என்று வரி வரியாக இருக்கும். தங்குமிடத்துக்கு எதிரே பூஜ்யம் இருந்தால் கம்பெனி உங்களிடம் வாங்கக் கூடாது. 150 என்று இருந்தால் மாதம் 150 வெள்ளி பிடிப்பார்கள். கடிதத்தில் சொன்னதைவிட அதிகமாகப் பிடிக்க வேண்டுமானால் முதலில் உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், மனிதவள அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். வேலை நியமனச் சட்டப்படி தங்குமிடத்துக்கான பிடித்தம் அந்தச் சம்பளக் காலத்துச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்தக் கடிதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

விடுதி பிடிக்காமல் நண்பர் வீட்டில் தும்பாங் இருக்கலாமா என்றால், இஷ்டத்துக்கு முடியாது. நீங்கள் எங்கே தங்குகிறீர்கள் என்பதை முதலாளி அமைச்சில் பதிந்து வைத்திருப்பார், மாறினால் புதுப்பிக்க வேண்டும். கட்டுமானத் துறையில் மலேசியர் அல்லாத அனுமதிச் சீட்டுக்காரர்கள் வீவக வீட்டில் வாடகைக்கு இருக்கவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் நண்பர்களைப் பார்த்துவிட்டு அவர்கள் வீட்டில் சாப்பிட்டு வருவது வேறு, குடியிருப்பது வேறு.

விடுதியின் தரம் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2021-இல் அறிவித்த புதிய தரநிலைப்படி, புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது. பழைய விடுதிகள் படிப்படியாக மேம்பட வேண்டும். பிடித்தம், தங்குமிடம் இரண்டிலும் சிக்கல் என்றால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692.

வீட்டுப் பணிப்பெண்ணிடம் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பிடிக்கலாமா?

கூடாது. இரண்டும் முதலாளியின் பொறுப்பு.

கம்பெனி எனக்குக் கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) எடுத்துக் கொடுத்திருக்கிறது. வாடகை நான் கட்டவில்லை. வரி வருமா?

வரும். முதலாளி கொடுக்கும் குடியிருப்பு வேலையால் கிடைக்கும் பலன், அதற்கு மதிப்புப் போட்டு வருமானத்தோடு சேர்ப்பார்கள். முதலாளி ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் விவரத்தில் அது இருக்கும். நீங்கள் ஒரு பகுதி வாடகையைக் கட்டினால் அந்தத் தொகை கழியும். சம்பளம் பேசும்போது “வீடு ஃப்ரீ” என்ற சொல்லில் மயங்காமல் வரியையும் சேர்த்துப் பாருங்கள்.

ஊரிலிருந்து வந்த உறவினர் வருகை அனுமதியில் எங்களோடு தங்குகிறார். நாங்கள் எதையாவது கவனிக்க வேண்டுமா?

அனுமதிக் காலம் முடியும் தேதியைக் கவனியுங்கள். இது இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான பதில்.

காலாவதியானவருக்குத் தங்க இடம் கொடுப்பது குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். காசு வாங்கினீர்களா இல்லையா என்பது அங்கே பேச்சே இல்லை. தெரிந்தே இடம் கொடுத்தால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, அதோடு 6,000 வெள்ளி வரை அபராதம். கவனக்குறைவு என்று நிரூபணமானாலும் அபராதமோ சிறையோ உண்டு. அறிமுகமில்லாதவரை வீட்டில் சேர்ப்பவர்கள் மூன்று சரிபார்ப்புகளைச் செய்ய வேண்டும்: அசல் அனுமதிச் சீட்டைப் பார்ப்பது, அதைக் கடப்பிதழோடு ஒப்பிடுவது, சீட்டு செல்லுபடியாகிறதா என்று அரசாங்க இணையச் சேவையில் தட்டிப் பார்ப்பது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் போதாது. “நம்ம ஊர்ப் பையன்” என்பது நான்காவது சரிபார்ப்பு ஆகாது.

இன்னொன்று. “சும்மாதானே தங்கியிருக்கான், கடையில கொஞ்சம் உதவி செய்யட்டும்” என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டம் சம்பளம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதை வேலையாகவே பார்க்கிறது. தங்குமிடத்துக்குக் கைமாறாகக் கல்லாவில் உட்காரவைத்தால் இருவருக்கும் ஆபத்து.

வேலைக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருக்கிறான். அவனிடம் வாடகை வாங்குவது சரியா?

சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஊர் மட்டும் நிறையச் சொல்லும். திருமணமாகாதவர் 35 வயதுக்கு முன் தனியாளாக வீவக வீடு வாங்க முடியாது, வெளியில் ஓர் அறை எடுத்தால் சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும். அதனால் முப்பது தாண்டியும் பெற்றோர் வீட்டில் இருப்பது இங்கே வெட்கத்துக்குரிய விஷயம் அல்ல.

நம் வீடுகளில் வாடகை என்ற சொல்லை எடுத்தாலே அம்மா முகம் சுருங்கும். “மாசக் காசு” என்றால் வாங்கிக்கொள்வார், அதிலும் பாதியைப் பிள்ளையின் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைப்பார். அப்படியே இருக்கட்டும். தொகையை மட்டும் வெளிப்படையாகப் பேசி வையுங்கள். ஒரு பிள்ளை மாதம் 600 கொடுக்கிறான், இன்னொருவன் ஒன்றும் கொடுக்காமல் பெரிய அறையில் இருக்கிறான் என்றால், பெற்றோர் காலத்துக்குப் பிறகு வீட்டைப் பிரிக்கும்போதுதான் அந்தக் கணக்கு வெளியே வரும். அதுவும் ஈமச்சடங்கு முடிந்த வாரத்திலேயே.

திருப்பிப் பார்த்தால், வயதான பெற்றோர் பிள்ளை வீட்டில் இருக்கும்போது அதைத் தும்பாங் என்று யாரும் சொல்லக் கூடாது, சொன்னால் கண்டியுங்கள். அரசாங்கமும் அதை ஊக்குவிக்கிறது. தகுதியுள்ள பெற்றோரை உடன் வைத்துப் பராமரித்தால் ஒருவருக்கு 9,000 வெள்ளி வரிக் கழிவு, தனியாக இருப்பவரைப் பராமரித்தால் 5,500. பெற்றோரோடு சேர்ந்து வாழ மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு 30,000 வெள்ளி அருகாமை மானியம் உண்டு.

என்னிடம் இரண்டாவது வீடு இருக்கிறது. தம்பிக்கு இலவசமாகக் கொடுத்தால் சொத்து வரி குறையுமா?

குறையாது. உரிமையாளர் தானே குடியிருக்கும் ஒரு வீட்டுக்குத்தான் சலுகை விகிதம். தம்பியிடம் காசு வாங்காவிட்டாலும், ஆண்டு மதிப்பின் (வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகையின்) முதல் 30,000 வெள்ளிக்கு 12 விழுக்காட்டில் தொடங்கி மேலே 36 விழுக்காடு வரை போகும் விகிதம்தான் பொருந்தும். தம்பி நன்றி சொல்வார், வரிக் கடிதம் உங்கள் பெயருக்கு வரும்.

தங்குபவர் முகவரியை மாற்ற வேண்டுமா?

அடையாள அட்டை வைத்திருப்பவர் வீடு மாறினால் 28 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வழியாக வீட்டிலிருந்தே செய்யலாம். கடன்காரர் தொல்லையோடு வருபவருக்கு உங்கள் முகவரியைக் கொடுக்கும் முன் நன்றாக விசாரியுங்கள். கந்துவட்டிக்காரர்கள் ஊற்றும் சிவப்புச் சாயம் கதவுக்கு வரும், ஆளுக்கு வராது.

எழுதி வைத்துக்கொள்வது பாசத்துக்கு அழகா?

அழகோ இல்லையோ, வசதி. பெரிய பத்திரம் வேண்டாம், அரைப்பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

“மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை என் வீட்டில் நடு அறையில் தம்பி தங்குவார். வாடகை இல்லை. மின்சாரம், தண்ணீர் பில்லில் மூன்றில் ஒரு பங்கு கொடுப்பார். சமைக்கலாம், இரவு பத்துக்கு மேல் வேண்டாம். நண்பர்களை இரவு தங்கவைக்கக் கூடாது. யார் முடித்துக்கொள்ள நினைத்தாலும் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். இந்தத் தங்கலால் வீட்டில் அவருக்கு உரிமை எதுவும் ஏற்படாது.”

இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் உயிர்நாடி கடைசித் தேதிதான். “வேலை கிடைக்கும்வரை”, “வீடு அமையும்வரை” என்பதெல்லாம் தேதி அல்ல. கையெழுத்துக் கேட்கக் கூச்சமாக இருந்தால், இதையே வாட்ஸ்அப்பில் அனுப்பி “சரிண்ணே” என்ற பதிலை வாங்கிக்கொண்டாலும் ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ தேவலை.

போகச் சொன்னேன், போக மறுக்கிறார். என்ன செய்வது?

பூட்டை மாற்றிப் பெட்டியைத் தாழ்வாரத்தில் வைப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். செய்யாதீர்கள். பொருள் காணாமல் போனால் அதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

முதலில் எழுத்தில் அவகாசம் கொடுங்கள்: இன்ன தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்று. பல ஆண்டு தங்கியவருக்கு ஒரு வாரம் என்பது நியாயமாகாது. அப்புறம் இருவரும் மதிக்கும் ஒரு பெரியவரை வைத்துப் பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் சட்ட அமைச்சின் கீழ் உள்ள சமூக சமரச நிலையம் இருக்கிறது. அண்டை வீட்டுச் சண்டை மட்டுமல்ல, குடும்பத் தகராறும் அங்கே போகலாம். போலிசைக் கூப்பிட்டால் வந்து பார்ப்பார்கள், ஆனால் அடிதடி இல்லாதவரை சிவில் விவகாரம் என்றுதான் சொல்வார்கள். கடைசி வழி, வீட்டைத் திரும்பப் பெற நீதிமன்ற ஆணை. சிறுகோரிக்கை நடுவர் மன்றம் இரண்டு ஆண்டுக்கு மேற்போகாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தத் தகராறுகளைப் பார்க்கும். வாடகையே இல்லாத தங்கலுக்கு அது பொருந்தாது. அடி, மிரட்டல் இருந்தால் தாமதிக்காமல் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பியுங்கள்.

கடைக்கு ‘வாடகையில்லாக் காலம்’ என்று ஒப்பந்தத்தில் போடுகிறார்களே?

அது முழுக்க வியாபாரம். கடையை எடுத்து அலங்கார வேலை முடியும்வரை ஒரு மாதமோ இரண்டு மாதமோ வாடகை வாங்காமல் விடுவது. இடையில் ஒப்பந்தத்தை முறித்தால் அந்த மாதங்களுக்கும் வாடகை திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு பல ஒப்பந்தங்களில் ஒளிந்திருக்கும், தேடிப் படியுங்கள். பராமரிப்புக் கட்டணம் அந்தக் காலத்திலும் உண்டா என்றும் கேளுங்கள்.

தங்க எந்த இடமும் இல்லை. யாரிடம் போவது?

உறவு முறிந்து இரவில் வெறும் பையோடு நிற்பவர்களுக்கு இந்த ஊரில் வழி இருக்கிறது, தயங்க வேண்டாம். அரசாங்க உதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000. அருகிலுள்ள சமூக சேவை அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். சமய, சமூக அமைப்புகள் சில இரவு தூங்க இடம் தருகின்றன, அங்கிருந்து இடைக்காலத் தங்குமிடத்துக்கு மாற்றிவிடுவார்கள். 2022-இல் நாடு தழுவிய இரவுக் கணக்கெடுப்பில் 530 பேர் வெளியே படுத்திருந்தது தெரிந்தது. அவர்களில் பலருக்குப் பதிவில் ஒரு முகவரி இருக்கும், போக மனமிருக்காது.

நிரந்தரமாக வேண்டுமென்றால் வீவகவின் பொது வாடகை வீடு. இலவசம் அல்ல, ஆனால் குடும்ப வருமானம் 800 வெள்ளிக்கு மேற்படாத, முதல்முறை விண்ணப்பிப்பவருக்கு ஓரறை வீடு மாதம் 26 வெள்ளியிலிருந்து கிடைக்கிறது. பலருடைய கைப்பேசி பில்லைவிடக் குறைவு.

இத்தனை நாள் சும்மா இருந்தேன். இனி வாடகை கொடுத்து இதே அறையில் இருக்கலாம் என்று பேசிக்கொண்டோம். என்ன மாறும்?

எல்லாமே. வீவக வீடென்றால் உரிமையாளர் முதலில் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், காலம் குறைந்தது ஆறு மாதம். தனியார் வீட்டில் குறைந்தது தொடர்ந்து மூன்று மாதம். ஒப்பந்தம் எழுதி முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்: நான்கு ஆண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, ஆண்டு வாடகை 1,000 வெள்ளிக்கு மேல் போகாவிட்டால் தீர்வை இல்லை. மாதம் 700 வெள்ளிக்கு ஓர் ஆண்டு என்றால் மொத்தம் 8,400, தீர்வை 33 வெள்ளி. வீட்டுக்காரர் வாடகையை வருமானத்தில் காட்ட வேண்டும். தனித்தனி ரசீது வைக்கப் பொறுமையில்லை என்றால், வீட்டுக் கடன் வட்டி போக, வாடகையில் 15 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். அப்புறம், குளிர்பதனப் பெட்டியில் மேல்தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.